வாசகன் இன்னும் வராத புத்தகம்

1

பல்கலைக்கழக நூலகத்தைப் பொது நூலகத்தின் பெரிய பதிப்பாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். கட்டடம் பெரிது, புத்தகம் அதிகம், உள்ளே நுழைய அடையாள அட்டை வேண்டும். வித்தியாசம் இவ்வளவுதான் என்பது பொதுவான அபிப்ராயம். இது சரியல்ல. பொது நூலகம் இன்று வாசலில் வந்து நிற்கிறவனுக்காக இருக்கிறது. அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டால் அதன் கடமை முடிந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் கடமை அங்கே முடிவதில்லை. இன்னும் வராத, பெயர் தெரியாத, ஒருவேளை இன்னும் பிறந்தேயிராத வாசகனுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும். அதன் தனிப் பொறுப்பு இந்த இரண்டாவது ஆள் விஷயத்தில்தான் ஆரம்பமாகிறது.

தமிழில் இது வெறும் நிர்வாகப் பிரச்னை அல்ல. முந்நூறு பிரதி அச்சடித்து, நூறு பேர் படித்து, பத்துப் பேர் பேசி, பிறகு காணாமல் போகிற எழுத்துக்கு அந்த இரண்டாவது வாசகனை விட்டால் வேறு கதி இல்லை. அவன் வந்து சேரும்வரை அந்தப் பிரதியை வைத்திருக்கப் போவது யார்?

இந்தக் கேள்வியைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை முன்வைத்துக் கேட்கத் தோன்றுகிறது. நூலகம் பற்றி இருபதாம் நூற்றாண்டில் உலகம் பொருட்படுத்திய ஒரு சிந்தனை அங்கே உருவாயிற்று. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், திருவல்லிக்கேணியிலிருந்து, ‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தது சில தெருக்களின் தூரம் மட்டும்தானா என்பதை யோசிக்க வேண்டும்.

2

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. ஆரம்பத்தில் அது கற்பிக்கும் ஸ்தாபனம் அல்ல. கற்பிப்பதைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டு, பரீட்சை நடத்திப் பட்டம் கொடுத்த ஸ்தாபனம். பரீட்சை நடத்த வினாத்தாளும் விடைத்தாளும் போதும், நூலகம் அவசியமில்லை. அறுபத்தேழு வருஷம் கழிந்து, 1924 ஜனவரியில்தான் முதல் நூலகராக எஸ். ஆர். ரங்கநாதன் வந்தார்.

1892இல் பிறந்தவர், சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். நூலகத்தின் தனிமை பிடிக்காமல் வந்த சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிடப் பார்த்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்கிற எல்லோரும் சொல்லும் செய்தி. ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அவருடைய சிந்தனை முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று எனக்குப் படுகிறது. மாணவர்கள் இல்லாத வகுப்பறையாகவே அவர் அந்த நூலகத்தைப் பார்த்திருக்கிறார். லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் நூலகப் படிப்பை முடித்து, இங்கிலாந்தின் பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1925இல் திரும்பியவர் முதலில் செய்தது ஆளை உள்ளே வரவழைக்கிற காரியம்தான். அலமாரிகளை வாசகனுக்குத் திறந்துவிட்டார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். தேடுகிறவனுக்குத் துணை நிற்க ஆள் வைத்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1931இல் ஐந்து விதிகள் பற்றிய புத்தகம், 1933இல் கோலன் பகுப்பு முறை, 1934இல் பட்டியல் விதிகள் என்று ஒரு பத்து வருஷத்துக்குள் ஒரு துறையின் அஸ்திவாரமே போடப்பட்டுவிட்டது. 1936இல் நூலகம் கடற்கரைச் சாலைக் கட்டடத்துக்கு வந்தது.

ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு என்கிறது. கேட்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இதற்கு ஓர் எதிரி இருந்தான். ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியில் பிணைத்திருந்த காலம் ஒன்று உண்டு; ஹெர்ஃபோர்ட் தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகளை இன்றும் பார்க்கலாம். நம்மிடம் இரும்புச் சங்கிலி இல்லை. புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, அன்று ஒரு நாள் அதைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்று விதித்திருக்கிற சரஸ்வதி பூஜை இருக்கிறது. பக்தியும் ஒரு சங்கிலிதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கணித ஆசிரியர், புத்தகம் பூஜிக்க அல்ல, பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் படிக்க என்று சொன்னது சாதாரண விஷயமல்ல. அது ஒரு மதிப்பீட்டு மாற்றம்.

இரண்டாவது விதி ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது விதி இதையே புரட்டிப்போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்கிறது. நான்காவது வாசகனின் நேரத்தைப் பற்றியது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே போகிற உயிர் என்பது.

நம் ஸ்தாபனங்கள் முதல் விதியை மட்டும் எடுத்துக்கொண்டன. அதிலும் ‘பயன்’ என்பதை நாளது தேதியில் எண்ணிப் பார்க்கக்கூடிய பயனாகக் குறுக்கிக்கொண்டன. இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்ற கணக்கு. மூன்றாவது விதியில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: அதில் தேதி கிடையாது. புத்தகத்துக்குரிய வாசகன் இத்தனை வருஷத்துக்குள் வந்தாக வேண்டும் என்று அது கெடு வைக்கவில்லை. முதல் விதியின் ‘பயன்’ மூன்றாவது விதியின் கால எல்லையற்ற பொறுமையோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியது. பிரித்துப் படித்தால் நூலகம் ஒரு நல்ல விநியோகக் கடையாக முடிந்துவிடும்.

3

ரங்கநாதனின் பகுப்பு முறையைப் பற்றி நூலகத் துறைக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இலக்கியக்காரர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால் இலக்கியம் என்றால் என்ன என்பது பற்றி அதில் ஒரு திட்டமான அபிப்ராயம் இருக்கிறது.

லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமான்களைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்பார்கள். சில பட்டைகளும் திருகாணிகளும் இருந்தால் வேண்டிய உருவத்தைச் செய்துகொள்ளலாம். அதுபோல, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆயத்தமாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டிராமல், அதன் அம்சங்களைப் பிரித்து எடுத்துக் கோத்து எண்ணை உண்டாக்குவது. இலக்கியத்துக்கு ஆங்கில ‘ஓ’. தமிழுக்கு 31. பிறகு வடிவம்: கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, கதைக்கு 3. அதற்கடுத்து ஆசிரியன். இங்கேதான் விசேஷம். ஆசிரியனைப் பெயரைக் கொண்டு குறிப்பதில்லை. பிறந்த வருஷத்தைக் கொண்டு குறிக்கிறார். 1800களுக்கு ‘எம்’, 1900களுக்கு ‘என்’. பாரதியின் கவிதை எம்82. புதுமைப்பித்தனின் கதை என்06.

இதன் அர்த்தம் என்ன? எழுத்தாளன் அகர வரிசையில் நிற்கும் ஒரு பெயர் அல்ல, காலத்தில் ஓர் இடம். அலமாரி ஓரமாக நடந்துபோனால் ஒரு மொழியின் கவிதை தலைமுறை தலைமுறையாக நம்மைக் கடந்து போக வேண்டும். எந்த ஜாதி, எந்தக் கட்சி, எந்தப் பட்டம், எத்தனை ஆயிரம் பிரதி விற்றது என்ற எதுவும் அதில் இல்லை. நம் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றைவிட இது நேர்மையான வரிசை.

க. நா. சுப்ரமண்யமும் சி. சு. செல்லப்பாவும் 1912இல் பிறந்தவர்கள். தமிழ் விமர்சனத்தின் போக்கு பற்றி இரண்டு துருவங்களாக நின்றவர்கள். அபிப்ராயமே போதும், ரசனையே அளவுகோல் என்று ஒருவர். அலசிக் காட்டாத அபிப்ராயத்துக்கு மதிப்பில்லை என்று மற்றவர். ரங்கநாதனின் அலமாரியில் இருவரின் நாவல்களும் என்12இல் வந்து நிற்கின்றன. மேலும் ஒரு குறியைச் சேர்த்தால்தான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்க முடியும். இது ஒரு பகுப்பு முறையின் தற்செயல் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். சண்டை போட்டவர்கள் ஒரே காலத்தின் ஆட்கள், ஒரே பிரச்னையின் இரண்டு முகங்கள் என்பதை நம் விமர்சனம் சொல்லத் தயங்கியபோது ஓர் எண் சொல்லிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஓர் ஆசிரியனைப் பற்றிய விமர்சனத்துக்கு, அவன் எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு குறி சேர்த்து, அவனுக்கு அடுத்தாற்போல இடம் தருகிறது இந்த முறை. படைப்பை ஒரு அறையிலும் விமர்சனத்தை வேறு அறையிலும் வைப்பதில்லை.

ஆனால் இந்த முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். இலக்கியத்தை அது தனி ஆளுமையாகப் பார்க்கிறது. ‘ஆளுமை’ என்பது அவர் பகுப்பின் அடிப்படைச் சொற்களில் ஒன்றும்கூட. பிறந்த வருஷம் தெரிந்த ஆள் வேண்டும். சங்கக் கவிதையின் முன் இது திகைத்து நிற்கும். சொந்தப் பெயரே இல்லாமல், தன் வரியில் வந்த ஒரு சொற்றொடரே பெயராக நின்றுபோன புலவனுக்குப் பிறந்த வருஷத்துக்கு எங்கே போவது? மறுகோடியில், சிறுபத்திரிகையின் முன்னும் இது திகைக்கும். பத்திரிகைக்கு அதில் இடம் இல்லாமலில்லை. ஆனால் ஒரு சிறுபத்திரிகை இதழ் என்பது ஓர் ஆளுமையின் படைப்பு அல்ல. ஒரு கவிதை, அதைத் தாக்கி ஒரு கட்டுரை, அதற்கு அடுத்த இதழில் மறுப்பு, ஓரத்தில் ஒரு வாசகன் கடிதம், பின்னட்டையில் சந்தா பாக்கி பற்றி ஆசிரியரின் புலம்பல் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அதிலிருந்து கவிதையை மட்டும் அறுத்தெடுத்துத் தொகுப்பில் சேர்த்தால் கவிதை பிழைக்கும். அது பிறந்த சூழல் செத்துப்போகும். ‘எழுத்து’வின் 119 இதழ்களையும் வரிசையாகப் படித்தவனுக்குப் புதுக்கவிதை ஒரு வாக்குவாதமாகத் தெரியும். 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பை மட்டும் படித்தவனுக்கு அது ஒரு முடிவாகத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல.

4

பயனை எண்ணுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், நம் கவிஞர் எலியட்டின் தூரத்து உறவினர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு யோசனை சொன்னார்: புழங்குகிற புத்தகங்களை வேறாகவும் புழங்காத புத்தகங்களை வேறாகவும் பிரித்து, பின்னவற்றைச் செலவு குறைந்த ஓரிடத்தில் அடுக்கிவிடலாம் என்று. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 1979இல் வெளியாயிற்று. அந்த நூலகம் 1969இல் வாங்கிய புத்தகங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் அடுத்த ஆறேழு வருஷங்களில் ஒரு தடவைகூட வெளியே எடுத்துப் போகப்படவில்லை என்று அது கண்டது. பணம் வீண் என்று சொல்கிறவர்களுக்கு இது நல்ல ஆயுதமாயிற்று.

நான் பேரேட்டோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இந்தக் கணக்கை வேறு மாதிரி பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்குமேல் வரவு செலவு நடக்காத கணக்கை வங்கி செயலற்ற கணக்கு என்று ஒதுக்கி வைக்கும். பத்து வருஷம் யாரும் உரிமை கோராத தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். ஆனால் அதற்குப் பிறகும் உரியவனோ அவன் வாரிசோ தக்க தாளோடு வந்தால் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். செயலற்றது என்பதற்குச் செத்தது என்று அர்த்தமில்லை. பணம் விஷயத்தில் சட்டம் ஒப்புக்கொள்கிற இந்தச் சாதாரண நியாயத்தைப் புத்தகம் விஷயத்தில் ஒப்புக்கொள்ள ஏன் இத்தனை தயக்கம்?

உ. வே. சாமிநாதையர் கதை எல்லோருக்கும் தெரியும். 1880இல் சேலம் ராமசாமி முதலியார் கேட்டபோது சிந்தாமணியை அவர் படித்ததில்லை. பிறகு ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. இதில் நாம் பதிப்பாசிரியரின் உழைப்பைப் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். ஆனால் மடங்களிலும் வீடுகளிலும் அந்த ஏடுகளை, பல இடங்களில் படிக்காமலே, பரணில் வைத்திருந்தவர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். நாளது தேதிப் பயனை அளவுகோலாக வைத்திருந்தால் அவர்கள் அவற்றை என்றைக்கோ ஆற்றில் விட்டிருப்பார்கள். சிலர் விட்டும்விட்டார்கள். வைத்திருந்தவர்களால் நமக்குச் சங்க இலக்கியம் இருக்கிறது. ரங்கநாதன் எதிர்த்த அந்தப் ‘பூட்டி வைக்கும்’ புத்திக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. பயனும் காப்பும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. காப்பு என்பது தள்ளிப்போடப்பட்ட பயன்.

5

தமிழ் அச்சுக்கு இந்த இரண்டாவது வேலையைச் செய்தது யார்? 1954இன் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, இந்தியாவில் வெளியாகும் புத்தகத்தின் பிரதிகளைச் சென்னை கன்னிமரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். 1956இல் பத்திரிகைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். சட்டம் காத்திருக்கும் வேலையைப் பொது நூலகத்திடம் கொடுத்தது. தபால் செலவுக்கே வழியில்லாத நம் பத்திரிகைகளில் எத்தனை இந்தச் சட்டத்தை நினைத்துப் பார்த்தன?

சட்டம் கேட்காததை ஒரு தனி மனிதர் செய்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ் என்று தரம் பிரிக்காமல் சேர்த்து வைத்தார். ரசனையுள்ளவன் இப்படிச் சேர்க்கமாட்டான். விமர்சகன் கட்டாயம் மாட்டான். நாம் குப்பை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய நாடக நோட்டீஸ் இன்று ஆராய்ச்சிக்கு ஆதாரம். 1992இல் அவர் இறந்தார். ஒரு லட்சம் உருப்படி அளவிலான அந்தச் சேகரத்தை 1994இல் வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் அல்ல.

சிகாகோவுக்கு இது புதுப் பழக்கம் அல்ல. அங்கே முதல் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1891இல், அதன் முதல் தலைவர் வில்லியம் ஹார்ப்பர் பெர்லினில் ஒரு புத்தக வியாபாரியின் கையிருப்பை மொத்தமாக விலை பேசினார். மாணவன் வருவதற்கு முன்பே பல்லாயிரம் புத்தகம். பரீட்சையில் ஆரம்பித்த பல்கலைக்கழகத்துக்கும் புத்தகத்தில் ஆரம்பித்த பல்கலைக்கழகத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. பெர்லின் புத்தகங்கள் கப்பலேறிப் போயின. கோட்டையூர்ப் புத்தகங்கள் போகவில்லை. அவை சென்னைக்கு வந்தன. 1996 முதல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் வாசகர்களுக்குக் கிடைக்கின்றன. நுண்படப் பிரதிதான் கடல் தாண்டியது. நூறு வருஷத்தில் ஒரு பல்கலைக்கழகம் கற்றுக்கொண்டது இது: சொந்தம் கொண்டாடுவதைவிட அழியாமல் இருக்கச் செய்வது பெரிய காரியம், அதுவும் அந்தப் புத்தகத்தின் வாசகன் பிறக்கப்போகிற ஊரிலேயே. இதில் அமெரிக்கப் பணத்தின் ஆதிக்கத்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் பேசட்டும். பேச விஷயம் இருக்கிறது. ஆனால் அதைப் பேசுவதற்கான ஆதாரத்தைத் தேடிக்கூட அவர்கள் அந்த நூலகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

6

இன்றைக்குப் பல்கலைக்கழக நூலகம் திரையாக மாறிவருகிறது. ஒரே தேசம் ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்வுப் பத்திரிகைகள். சிறிய ஊர்க் கல்லூரி மாணவனுக்கும் இவை எட்டும் என்றால் நல்லதே. ரங்கநாதனின் இரண்டாவது விதிக்கு இதைவிடப் பெரிய நிறைவேற்றம் இருக்க முடியாது. ஆனால் சந்தா என்பது வாடகை. வாடகை கொடுக்கிறவன் வீட்டுக்காரன் ஆவதில்லை. பதிப்பகத்தின் கிடங்கிலிருப்பதைப் பார்க்க வாசல் திறந்துவிடுகிற இடமாக நூலகம் சுருங்கினால், எந்தப் பதிப்பகத்தின் கிடங்கிலும் இல்லாத விஷயங்கள் எங்கே போகும்? நம் விஷயங்கள் எந்தக் கிடங்கிலும் இல்லாதவைதான்.

எல்லாவற்றையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. படமெடுக்க முதலில் தாள் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் கரையானிடமிருந்தும் எடைக்குப் போடும் பழக்கத்திலிருந்தும் காப்பாற்றி வைத்ததைத்தான் இன்று படமெடுக்கிறார்கள்.

செல்லப்பா புத்தகக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். இதை ஒரு தியாகமாகச் சொல்லிச் சொல்லி அதன் அர்த்தத்தை மழுங்கடித்துவிட்டோம். ரங்கநாதனின் மூன்றாவது விதியை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகனைத் தேட வேண்டும் என்பதை, ஒரு தனி மனிதன் தன் உடம்பால் நிறைவேற்ற முயன்ற காரியம் அது. கல்லூரிகளுக்குப் போனதில் அவர் கணிப்பு தவறவில்லை. அந்தச் சுமை இறங்க வேண்டிய இடம் அதுதான்.

எனவே இரண்டு விஷயங்கள். பல்கலைக்கழகங்கள் தமிழ்ச் சிறுபத்திரிகைகளை முழு வரிசையாக, இதழ் இதழாக, ஒவ்வொரு கட்டுரைக்கும் பட்டியல் குறிப்போடு, வாசகன் வந்தாலும் வராவிட்டாலும் வைத்திருக்க வேண்டும். இது சலுகை அல்ல, அவற்றின் வேலை. மற்றது நம்மைப் பற்றியது. பழைய இதழ்களைப் பார்க்காமல், யாரோ சொன்னதை யாரோ நினைவிலிருந்து எழுத, அதை மறுத்து இன்னொருவர் நினைவிலிருந்து எழுதுகிற நம் விமர்சனம் பாதிக்கு மேல் வம்பாக இருக்கிறது. ஆதாரம் கையில் இல்லாத இடத்தில் குரல் உயரத்தான் செய்யும். ஒவ்வொரு பத்திரிகையும் அச்சானவுடன் குறைந்தது மூன்று பிரதிகளை, சந்தாதாரர்களுக்கு அனுப்புவதற்கு முன்பு, மூன்று நூலகங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும், ரசீது வந்தாலும் வராவிட்டாலும். முந்நூறில் மூன்று பெரிய நஷ்டமல்ல.